கன்று ஈன்ற பசுவுக்குக் கீட்டோன் சோதனை

கன்று ஈன்ற பசு நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், தவிடும் பிண்ணாக்கும் வைத்த தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வைக்கோலை மட்டும் சிறிது கடிக்கும். பால் நாளுக்கு நாள் குறையும், உடம்பு இளைக்கும். காய்ச்சல் இராது. கண் பட்டுவிட்டது என்று சுற்றிப்போடுவோரும், வெல்லம் கரைத்து ஊற்றுவோரும் உண்டு.

கடன் வாங்கி ஒரே பசுவை வைத்திருக்கும் குடும்பத்திற்கு இப்படிக் கழியும் இரண்டு வாரம் பெரும் நஷ்டமாகும். முதல் இரண்டு மாதங்களில் பால் உச்சத்திற்கு ஏறாவிட்டால், அந்த ஈற்று முழுவதும் கறவை குறைவாகவே இருக்கும். மாடு மறுபடி சினை பிடிப்பதும் தள்ளிப்போகும்.

இந்நோயின் பெயர் கீட்டோசிஸ். கலப்பினப் பசுக்களில், அதுவும் அதிகம் கறப்பவற்றில், கன்று ஈன்ற முதல் ஆறு வாரங்களுக்குள் இது பெரும்பாலும் வருகிறது. இதைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள, தொழுவத்திலேயே செய்யக்கூடிய எளிய சோதனை உண்டு.

நோய் வருவது எப்படி?

ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் வரை பால் சர்க்கரை இருக்கிறது. 12 லிட்டர் கறக்கும் பசு, தினமும் அரைக் கிலோவுக்கு மேல் சர்க்கரையைப் பாலில் விட்டுவிடுகிறது. இதற்கு வேண்டிய குளுக்கோஸை அதன் கல்லீரல்தான் தயாரித்தாக வேண்டும். கன்று ஈன்ற புதிதில் பால் வேகமாக ஏறுகிறது. தீனி தின்னும் அளவு அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. வரவுக்கு மிஞ்சிய செலவு ஆகிவிடுகிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பிலுள்ள கொழுப்பு கரைகிறது. அளவுக்கு மேல் கரைந்து வரும் கொழுப்பைக் கல்லீரல் முழுவதும் பயன்படுத்த முடியாமல் கீட்டோன் என்னும் பொருளாக மாற்றுகிறது. அது இரத்தத்திலும் சிறுநீரிலும் பாலிலும் கலக்கிறது.

நீரிழிவு உள்ள மனிதருக்கும் பூனைக்கும்கூடக் கீட்டோன் சேருவதுண்டு. அங்கே இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும். இன்சுலின் போதாததால் உடல் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. பசுவிலோ சர்க்கரையே குறைந்துவிடுகிறது. 100 மி.லி. இரத்தத்தில் 45 முதல் 75 மி.கி. வரை இருக்க வேண்டியது 40க்கும் கீழே போவதுண்டு. ஆயினும் சர்க்கரையை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். பசு மிரண்டாலே அதன் அளவு மாறும். மனிதருக்கான சர்க்கரை மீட்டர் மாட்டு இரத்தத்தில் சரியாகக் காட்டாமலும் போகலாம். கீட்டோனைப் பார்ப்பதே நம்பகமான வழி.

சோதனை செய்யும் முறை

சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் ஸ்டிரிப் மருந்துக் கடைகளில் கிடைக்கும். சர்க்கரை மட்டும் காட்டும் ஸ்டிரிப்பும் உண்டு. ஆகவே கீட்டோன் காட்டுவதுதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பசுவின் பிறப்புறுப்புக்குக் கீழேயுள்ள தோலை விரல்களால் மெதுவாக நீவிவிட்டால் சற்று நேரத்தில் சிறுநீர் விடும். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டம்ளரில் பிடிக்க வேண்டும். ஸ்டிரிப்பை அதில் நனைத்து எடுத்து, டப்பாவில் குறித்துள்ள விநாடிகள் கழிந்ததும் நிறத்தை ஒப்பிட வேண்டும். பிந்திப் பார்த்தால் நிறம் கூடுதலாகத் தெரிந்து ஏமாற்றும்.

நிறம் மாறாவிட்டால் கவலையில்லை. மிக லேசாக மாறினால் மறுநாள் மீண்டும் பார்க்கவும். 15 என்று குறித்துள்ள நிறமோ அதைவிட அடர்ந்த ஊதாவோ தெரிந்தால், பசு தீனி தின்றுகொண்டிருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வெளியே தெரியாத கீட்டோசிஸும் பாலைக் குறைக்கும். இந்த ஸ்டிரிப்பைப் பாலில் நனைத்துப் பார்ப்பது பயன்படாது. பாலில் கீட்டோன் சிறுநீரில் உள்ளதைவிட மிகக் குறைவு.

கன்று ஈன்ற 5, 8, 11, 14, 21ஆம் நாட்களில் பார்த்து, பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே குறித்து வைப்பது நன்று. ஸ்டிரிப் டப்பாவை ஈரமும் வெயிலும் படாமல் மூடி வைக்க வேண்டும். காலாவதியான ஸ்டிரிப் சரியாகக் காட்டாது.

மருத்துவர் கீட்டோன் மீட்டரில் ஒரு சொட்டு இரத்தம் வைத்தும் பார்ப்பார். அதில் 1.2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் மறைந்திருக்கும் கீட்டோசிஸ் என்றும், 3க்கு மேல் போனால் நோய் முற்றுகிறது என்றும் கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

மூச்சிலும் சிறுநீரிலும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் போன்ற இனிப்பு வாடை வீசலாம். எல்லோருக்கும் அந்த வாடை தெரியாது. சாணம் கெட்டிப்படும். சில பசுக்கள் சுவரையும் தம் உடலையும் ஓயாமல் நக்கும், தள்ளாடும், முட்ட வரும். வெறிநோயிலும் இப்படி நேரக்கூடும். ஆகையால் வெறுங்கையை வாயில் விடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் மடிநோய், கருப்பைப் புண் போன்ற வேறு நோயால் தீனி குறைந்து, அதனால் கீட்டோன் சேர்ந்திருக்கலாம். அந்த மூல நோய்க்கும் வைத்தியம் வேண்டும்.

வெல்லம் போதுமா?

போதாது. பசு அசை போடும் பிராணி. வெல்லம் பெருவயிற்றுக்குப் போனதும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்துவிடுகின்றன. சர்க்கரையாக இரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம். அளவு மிஞ்சினால், சோறும் கஞ்சியும் அதிகமாகத் தின்ற மாட்டைப் போல வயிற்றில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும்.

மருத்துவர் குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவார். வாய்வழியாகப் புரொப்பிலீன் கிளைக்கால் தினம் 300 மி.லி. வீதம் சில நாட்கள் கொடுக்கச் சொல்வதுண்டு. புரை ஏறாமல் மெதுவாகப் புகட்ட வேண்டும். வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் திரவம் வேறு; அதில் விஷப்பொருள் உண்டு.

வருமுன் காக்க

சினைப் பசுவை அளவுக்கு மீறிக் கொழுக்க வைக்கக் கூடாது. கொழுத்த பசுவுக்கே இந்நோய் எளிதில் வரும். ஈனுவதற்கு 2, 3 வாரங்களுக்கு முன்பிருந்தே அடர்தீவனத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிப் பழக்க வேண்டும். ஈன்ற பிறகு நல்ல பசுந்தீவனமும், உடல் பராமரிப்புக்கான தீவனம் போக ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ வீதம் அடர்தீவனமும் கொடுக்கலாம். ஒரே நாளில் இந்த அளவுக்கு ஏற்றிவிடக் கூடாது.

பசு தொட்டியை விட்டு முகத்தைத் திருப்பிய அன்றே சிறுநீரைப் பார்த்துவிடுங்கள். அன்று பார்ப்பதற்கு ஒரு ஸ்டிரிப்பும் சில நிமிடங்களும் போதும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், குறைந்த பாலை மீட்பது கடினம்.