கேமரன் மலை: உழைப்பில் விளைந்த பசுமை

மலாக்கா என்றதும் பழைய கோட்டையும் துறைமுகமும் நம் நினைவுக்கு வரும். அக்கடலோர நகரின் மரபைக் கட்டடங்களில் காணலாம். பகாங் மாநிலத்தின் கேமரன் மலையிலோ, மரபு தேயிலைச் செடிகளில் வேரூன்றி நிற்கிறது.

இம்மலைப்பகுதியில் செமாய் பூர்வக்குடியினர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். 1885-ஆம் ஆண்டில் இங்கு நில அளவை செய்ய வந்த வில்லியம் கேமரனின் பெயரே பின்னர் மலைக்கு வழங்கலாயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது.

தேயிலைக்குக் குளிர்ந்த காற்றும் நல்ல மழையும் தேவை. வேரில் நீர் தேங்கவும் கூடாது. ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த இம்மலைச்சரிவுகள் அதற்கு ஏற்றவை. எனினும், நாம் கண்டு வியக்கும் பச்சைக் கம்பளம் இயற்கை மட்டுமே தந்ததன்று. தானாக வளரவிட்டால் தேயிலைச் செடி மரமாகிவிடும். தொழிலாளர்கள் அவ்வப்போது கவாத்து செய்வதாலும், இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கொழுந்து பறிப்பதாலும்தான் அது இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. ஒரு கிலோகிராம் தேயிலைத் தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோகிராம் பச்சைக் கொழுந்து வேண்டும். அதனை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து, உலர்த்திய பிறகே தரம் பிரிக்கின்றனர்.

காட்டைத் திருத்தி இத்தோட்டங்களை உருவாக்கியதில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களின் பங்கு பெரிது. விடியற்காலைப் பனியில் முதுகில் கூடை சுமந்து அவர்கள் சரிவுகளில் ஏறினர். லயத்து வீடுகளில் குடும்பம் நடத்தினர், கோயில் எழுப்பினர், பிள்ளைகளைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினர். அவர்கள் நட்டவை தேயிலைச் செடிகள் மட்டுமல்ல. தமிழ்மொழியும் பண்பாடும் அம்மலையில் வேர்விட்டன.

இன்று நிலைமை மாறியுள்ளது. கையால் பறித்த இடங்களில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் பலர் கல்வி கற்று நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இப்போது தோட்டங்களில் உழைக்கின்றனர். பிள்ளைகள் முன்னேறியது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், பாட்டனும் பாட்டியும் பட்ட பாட்டைச் சொல்வோர் குறைந்து வருகின்றனர்.

மலைக்கும் ஆபத்து உண்டு. காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகள் அளவுமீறி வெட்டப்படும்போது மண் அரித்து ஆற்றில் கலக்கிறது. ரிங்லெட் ஏரியில் வண்டல் படிந்து, நீர் தேங்கும் இடம் சுருங்கியுள்ளது.

எனவே, நாம் காக்க வேண்டியவை இரண்டு: ஒன்று மலை, மற்றொன்று அதனைப் பண்படுத்தியோரின் நினைவு. உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ தோட்டத்தில் வாழ்ந்த முதியோர் இருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எழுதாத வரலாறு அவர்களோடு மறைந்துவிடும்.