கண்ணில் கல்தூசி விழுந்தால்...

நண்பர்களே, நம்ம மயிலாடி கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர். கடைக்குப் போனாலும் பட்டறை வழியாகத்தான் நடக்கிறோம். போன வாரம் என் தம்பி கண்ணில் கல்தூசி விழுந்துவிட்டது. "கசக்காத மக்களே!" என்று ஆச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏன் கசக்கக்கூடாது? உளியில் தெறிக்கும் கல்தூளுக்கு முனை கூர்மை. கசக்கினால் கருவிழியைக் கீறிவிடும். கையைக் கழுவிவிட்டு, சுத்தமான தண்ணீரைக் கண்ணில் விட்டு, பலமுறை சிமிட்ட வேண்டும். அப்புறமும் உறுத்தினா துணிமுனை, ஊசி எதுவும் வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும். துண்டு குத்தி நின்றால் தொடவே கூடாது.

கண்ணில் விழுந்த தூசி உடனே உறுத்தும். மூச்சில் போவது தெரியவே தெரியாது. அதுதான் பெரிய ஆபத்து. கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. மெஷினில் அறுக்கும்போது அது மாவை விட நைசாகப் பறக்கும். பல வருடம் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி, 'சிலிக்கோசிஸ்' நோய் வரும். வந்தபின் முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் தடுக்கலாம்.

1. கல்லில் தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி குறையும்.
2. வாயில் துண்டு கட்டினால் போதாது; நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி வேண்டும்.
3. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

எங்க மாமாவும் சிற்பிதான். அவரிடம் சொல்லிவிட்டேன். உங்க வீட்டில் உளி பிடிப்பவர்களிடம் நீங்களும் இன்றைக்கே சொல்லுங்க!