பற்றவைத்த இடம்

நம் இதய வால்வு ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் திறந்து மூடுகிறது. பழுதான வால்வை எடுத்துவிட்டு வைக்கும் செயற்கை வால்வும் அத்தனை அடியையும் தாங்க வேண்டும். பழுது பார்க்க யாரும் உள்ளே போக முடியாது.

1979-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பியோர்க்-ஷைலி குவிகுழி வால்வைப் பாருங்கள். ஓர் உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறக்கும் கார்பன் வட்டு, வட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ள இருபுறமும் இரண்டு கம்பி வளைவுகள். ரத்தம் நுழையும் பக்கத்துக் கம்பி வளையத்தோடு ஒரே உலோகமாக இருந்தது. வெளியேறும் பக்கத்துக் கம்பியைத் தனியே செய்து, அதன் இரு கால்களையும் வளையத்தில் பற்றவைத்தார்கள்.

வட்டு படாரென மூடும்போது சில சமயம் அந்தக் கம்பியின் நுனியில் மோதியது. மோதலின் விசை முழுவதும் கம்பியின் காலடியில், பற்றவைத்த இடத்தில் போய்ச் சேர்ந்தது. குடைக்கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடியுமே, அப்படித்தான். முதலில் ஒரு கால் விடும். நோயாளிக்கு எதுவும் தெரியாது. இரண்டாவதும் விட்டால் வட்டு கழன்று ரத்தத்தோடு போய்விடும். ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்திய இந்த வால்வுகளில் 600-க்கும் மேற்பட்டவை முறிந்தன. வால்வு முறிந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

1986-இல் விற்பனை நின்றது. ஆனால் ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்கள்? என்றோ முறியலாம் என்பதற்காக, இன்று ஒழுங்காக ஓடும் வால்வை எடுக்க மறுபடி மார்பைத் திறப்பதா? அந்த அறுவையிலும் உயிராபத்து உண்டு. இதைவிடக் கொடிய கணக்கை ஒரு நோயாளியின் தலையில் கட்ட முடியாது.

இத்தனைக்கும் உலோகம் நல்ல உலோகம்தான்: ஹெய்ன்ஸ்-25 என்ற கோபால்ட்-குரோமியக் கலவை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழு உருவாக்கிய வால்வின் சட்டகமும் அதே கலவைதான். ஆனால் அதை ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தார்கள், பற்றவைப்பே கிடையாது. வட்டுக்குத்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது. செயற்கை நீலக்கல்லில் செய்த வட்டு விலங்குச் சோதனையில் உடைந்தது. கடைசியில் செயற்கை மூட்டுகளில் பயன்படும் வலுவான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். 1990 டிசம்பரில் அந்த வால்வை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

பிளாஸ்டிக் தேயாதா? தேயும். அதனால்தான் வட்டு தன் இடத்திலேயே மெல்லச் சுழலும்படி விட்டிருக்கிறார்கள். ஒரே இடம் அடிபடாமல் தேய்மானம் சுற்றிலும் பரவிவிடுகிறது.