டயர் வாங்குமுன் அதன் எண்களைப் பாருங்கள்

நமது சிறு வியாபாரிகள் பலருக்குக் கார் என்பது குடும்ப வாகனம் மட்டுமல்ல, சரக்கு வாகனமும் அதுதான். பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, பின் ஆசனத்தை மடித்துச் சாமான் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். ஆனால் டயர் மாற்றும்போது மட்டும், "14 ரிம்முக்கு விலை குறைந்த டயர் இருக்கிறதா?" என்று கேட்பதோடு பலர் நிறுத்திவிடுவதை நான் காண்கிறேன். ரிம்முக்குப் பொருந்தும் டயரெல்லாம் காருக்கும் பொருந்திவிடாது.

டொயோட்டா விட்ஸ் கார்களில் பரவலாகக் காணப்படும் அளவை எடுத்துக்கொள்வோம்: 165/70 ஆர்14 81எஸ். இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 70 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம். ஆர் என்பது ரேடியல் டயரைக் குறிக்கும். 14 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 81 பாரக் குறியீடு. அதாவது ஒரு டயர் 462 கிலோ தாங்கும். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் என்ற உச்ச வேகம்.

ஆறு மூடை அரிசி

சுசுகி வெகன்ஆர் காருக்குரிய 155/65 ஆர்14 75எஸ் டயரும் இதே 14 அங்குல ரிம்மில் ஏறிவிடும். விலையும் குறைவாக இருக்கலாம். ஆனால் 75 என்ற குறியீட்டின்படி அது தாங்குவது 387 கிலோதான். டயருக்கு 75 கிலோ வீதம் நான்கு டயருக்கும் 300 கிலோ குறைகிறது. 50 கிலோ அரிசி மூடையில் இது ஆறு மூடை! சரக்கு ஏற்றும் வியாபாரிக்கு இது சின்ன விடயமல்ல. பாரம் மிஞ்சிய டயர் சூடேறி, ஓட்டத்தில் வெடிக்கலாம்.

அத்துடன் டயரின் மொத்த விட்டம் 587 மில்லிமீற்றரிலிருந்து 557 ஆகக் குறைகிறது. கார் 15 மில்லிமீற்றர் தரையை நெருங்கும். மீற்றர் 100 கிலோமீற்றர் காட்டும்போது உண்மையில் ஓடியது சுமார் 95தான். விநியோகச் செலவைக் கிலோமீற்றர் கணக்கில் பார்ப்பவரின் கணக்கும் பிழைத்துவிடும்.

பெரிய ரிம் போட விரும்பினால்

அழகுக்காக 15 அங்குல அலோய் ரிம் போடுவோர், மொத்த விட்டம் மாறாதபடி பக்கச்சுவரைக் குறைக்க வேண்டும். 185/55 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 585 மில்லிமீற்றர். எனவே மீற்றர் கணக்கு கெடாது. ஆனால் பக்கச்சுவர் 14 மில்லிமீற்றர் மெலிகிறது. குழியில் விழும்போது அடி நேராக ரிம்முக்குப் போகும். சரக்கோடு கிராமத்து வீதிகளில் ஓடுபவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். சற்று அகலம் வேண்டுமென்றால் அதே 14 ரிம்மில் 175/65 ஆர்14 82 போதுமானது. விட்டம் 583 மில்லிமீற்றர், தாங்கும் பாரம் 475 கிலோ.

ரிம் மாற்றும்போது போல்ட் துளைகளின் அளவையும் பார்க்க வேண்டும். விட்ஸுக்கு வேண்டியது நான்கு துளை, 100 மில்லிமீற்றர் வட்டம். 114.3 மில்லிமீற்றர் ரிம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் பொருந்தாது.

வாங்குமுன் கவனிக்க

2020 மார்ச் முதல் 2025 ஆரம்பம் வரை கார் இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில் பல கார்கள் கைமாறின. ஆகவே இப்போது காரில் இருக்கும் டயரின் அளவே சரியான அளவு என்று நினைத்துவிடாதீர்கள். சாரதியின் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் அட்டையைப் பாருங்கள். அளவும் காற்றமுக்கமும் அதில் இருக்கும். 230 கேபிஏ என்றிருந்தால் அது சுமார் 33 பிஎஸ்ஐ.

பாரக் குறியீடு அட்டையில் உள்ளதைவிட ஒருபோதும் குறையக்கூடாது. பாவித்த டயர் வாங்குவோர் அதன் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 1223 என்றிருந்தால், அது 2023ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

டயர் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளருக்கு இந்த எண்கள் தெரியாமலிருக்கலாம், உங்களுக்குத் தெரியும். பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பதே மார்க்கம் நமக்குக் காட்டிய வியாபாரம். பொருத்தமில்லாத டயரைப் போட்டனுப்பிக் கிடைக்கும் இலாபத்தில் பரக்கத் இருக்காது. "இது உங்கள் காருக்குச் சரிவராது" என்று ஒரு தடவை சொன்னால் அன்றைய விற்பனை போகலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த முறையும் உங்களையே தேடி வருவார், இன்ஷா அல்லாஹ்.