காத்திவாக்கத்தில் போர் தண்ணி கரிக்குதா? குழாய் தண்ணி நாறுதா? குடிக்கும் முன் உஷார்!

காத்திவாக்கத்துக்குக் கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். வடக்கே எண்ணூர் முகத்துவாரம். மூன்று பக்கமும் தண்ணீர்தான். ஆனால் ஒரு வாய் குடிக்கத் தெருக் குழாயையும், லாரியையும், கேனையும் எதிர்பார்த்து நிற்க வேண்டும்!

"தண்ணி சரியில்லே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எந்த விதத்தில் சரியில்லை என்பதுதான் முக்கியம். உப்புக்கு ஒரு வைத்தியம், கிருமிக்கு வேறு வைத்தியம். மாற்றிச் செய்தால் காசும் போகும், உடம்பும் கெடும்.

உப்பு ஏறியது எப்படி?

கடலோரத்தில் பூமிக்கு அடியில் நல்ல தண்ணீர் மேலேயும், கனமான உப்புத் தண்ணீர் கீழேயும் நிற்கும். மேலே உள்ள நல்ல தண்ணீர் மட்டம் 1 அடி இறங்கினால், கீழே உள்ள உப்புத் தண்ணீர் சுமார் 40 அடி வரை மேலே ஏறி வரக்கூடும் என்பது கணக்கு. "ஆழமாப் போட்டா நல்ல தண்ணி வரும்" என்று கடற்கரையில் போர் இறக்கினால் பணம் பாழ்!

பக்கத்தில் உள்ள மீஞ்சூரே இதற்குச் சாட்சி. அங்கே தொழிற்சாலைக்கும், விவசாயத்துக்கும், நகரத்துக்கும் பல ஆண்டுகள் அளவுக்கு மீறித் தண்ணீர் எடுத்தார்கள். கடல் நீர் பல கிலோ மீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987-ல் சட்டமே வந்தது. அதே மீஞ்சூர் வட்டாரத்தில் காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளைக்கு 10 கோடி லிட்டர் என்று கணக்கிட்டுக் கட்டப்பட்ட ஆலை அது.

உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உப்பு போகாது. தண்ணீர் ஆவியாகி, கரிப்பு இன்னும் கூடும்! உப்பை எடுக்க வீட்டில் உள்ள ஒரே வழி ஆர்.ஓ. மெஷின்தான். நிலத்தை ஆற்ற வேண்டுமானால் மொட்டை மாடி மழைத் தண்ணீரைப் பூமிக்குள் இறக்க வேண்டும். 2003-ல் தமிழகம் முழுவதும் வீட்டுக்கு வீடு இது கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழி இன்று மண் மூடிக் கிடந்தால், ஐப்பசி பிறப்பதற்குள் தூர் வாருவது நல்லது.

பருப்பு வேகவில்லையா?

சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பாறை படியும். இது கடினத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும்தான் காரணம். கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிவை இறுத்தால் ஓரளவு குறையும்.

போரிலிருந்து பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சற்று நேரத்தில் மஞ்சளாகித் துணியில் துருக்கறை விழுந்தால் அது இரும்பு. ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்கு உயரத்திலிருந்து நாலைந்து தடவை ஊற்றி, இரவு முழுக்க வைத்தால் காற்றுப் பட்டு இரும்பு அடியில் தங்கும். காலையில் மேலே உள்ளதைத் துணியில் வடிகட்டிக் கொள்ளலாம்.

சாக்கடை நாற்றமா? ஜாக்கிரதை!

உயிருக்கு உலை வைப்பது இதுதான். பேதி, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியில்தான் வீட்டுக்குள் வருகின்றன. முதலில் விழுவது கைக்குழந்தையும் கிழவர்களும்.

குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே தெருவில் அக்கம்பக்கமாகப் போகின்றன. குழாயில் ஓட்டை இருந்தால், தண்ணீர் வராத நேரத்தில் சாக்கடை உள்ளே கசியும். அடி பம்புக்குப் பதிலாகச் சிலர் திருட்டுத்தனமாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். மோட்டார் தண்ணீரை மட்டும் இழுக்காது; ஓட்டை வழியாகச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும்! ஒரு வீட்டு மோட்டாரால் தெருவுக்கே வியாதி.

நாற்றம் வந்தால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்க வேண்டாம். சம்ப்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

நாற்றம் இல்லாத நாளிலும் குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்க விடுவது நல்லது.

எண்ணெய் வாசனை வந்தால்...

2013-ல் தண்டையார்பேட்டையில் கிணற்றிலும் போரிலும் பெட்ரோல் வாசனை அடித்தது. பூமிக்கு அடியில் போகும் எண்ணெய்க் குழாயின் கசிவு! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்ததை இந்த வட்டாரத்து மீனவர் மறக்கவில்லை.

போர் தண்ணீரில் எண்ணெய் மினுமினுத்தால் குடிக்கவோ, குளிக்கவோ கூடாது. காய்ச்சவே கூடாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. வீட்டு ஃபில்டர் எதுவும் இதற்கு உதவாது.

மெஷின் விற்பனையில் ஒரு வித்தை!

வாசலில் வரும் சில விற்பனையாளர்கள் தண்ணீரில் கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். தண்ணீர் செங்காவியாக மாறும். "பாத்தீங்களாம்மா, இதைத்தான் குடிக்கிறீங்க!" என்பார்கள். வீட்டம்மா அரண்டு போவார். உண்மையில் அந்த நிறம் இரும்புக் கம்பி கரைந்து வந்தது! ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாததால் அது தெளிவாகவே நிற்கும். அவ்வளவுதான் ரகசியம்.

டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்பை மட்டுமே காட்டும். கிருமியைக் காட்டாது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை நல்லது. வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். 500-க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையே இல்லை. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவாகப் போகும். அதைக் கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் பிடித்து வைக்கலாம்.

சோதனைக்கு எங்கே?

சந்தேகம் இருந்தால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்கலாம். கிருமிச் சோதனைக்குப் பழைய சோடா பாட்டில் ஆகாது. சுத்திகரித்த பாட்டிலை ஆய்வுக்கூடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

குழாயில் சாக்கடை கலந்தால் மெட்ரோ வாட்டர் புகார் எண் 1916. தெருப் பெயர், எத்தனை நாளாக, எத்தனை வீட்டில் என்று சொல்லி, புகார் நம்பரைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வீடு சொல்வதைவிடப் பத்து வீடு சேர்ந்து சொன்னால் பள்ளம் தோண்டும் ஆட்கள் சீக்கிரம் வருவார்கள்!