மலையேறும் மழை – 9: காலை வெளிச்சம்

"சித்திரையில் கொடைக்கானலில் மழை பெய்யாத நாள் எது? ஒரு தேதி சொன்னால் லீவு போட்டுவிடுவேன்." இரண்டு வாரமாக எனக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப இதே கேள்விதான். மதுரையிலிருந்து ஒரு வாசகி, குழந்தைகளின் பரீட்சை முடியும் நாளையும் குறிப்பிட்டு, அதற்கடுத்த வாரத்தில் எந்த இரண்டு நாள் தேவலாம் என்று கேட்டிருந்தார்.

கோடை மழை வேறு, பருவமழை வேறு என்பதைச் சென்ற வாரம் சொல்லியாயிற்று. கொடைக்கானலில் கனமழை ஐப்பசியில்தான் என்பதும் நினைவிருக்கும். இந்த வாரம் பழனிக்கு இறங்கும் மலைச்சாலையைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

அப்படி ஒரு தேதியை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நேரத்தைச் சொல்லலாம். விடிந்ததிலிருந்து காலை பதினொரு மணி வரை.

ஏன் என்றால், சித்திரை மழையை அந்தந்த நாளின் வெயிலே சமைக்கிறது. காலையில் வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம் சமவெளியில் வெயில் ஏறுகிறது. ஒன்பது பத்து மணிக்குள் தரை கொதித்து, அந்தச் சூட்டில் காற்று மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. அதில் இருக்கும் ஈரம் மேகமாகத் திரள்கிறது. பன்னிரண்டு மணிக்குச் சரிவின் பாதியில் பஞ்சுப்பொதி போல நிற்பது, இரண்டு மணிக்கு ஏரிக்கு மேலே கறுத்துவிடும். மூன்றிலிருந்து ஐந்துக்குள் இடி, மழை, சில நாள் ஆலங்கட்டி. இரவு ஏழு மணிக்கு வெளியே வந்து பார்த்தால் நட்சத்திரம். மறுநாள் விடிகாலை, மழை பெய்த சுவடே இல்லாமல் வானம் கழுவி வைத்தது போல இருக்கும்.

எல்லா நாளும் இப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாகிவிட்டால் காலை, மாலை என்ற கணக்கெல்லாம் போய்விடும். நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். நல்லவேளையாக அதை வானிலை ஆய்வு மையம் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவிடுகிறது. மையத்தால் சொல்ல முடியாதது உள்ளூர் இடிமழையைத்தான். "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசான மழை" என்று அறிக்கையில் வாசிக்கிறோமே, அந்த ஓரிரு இடம் பெருமாள்மலையா, பூம்பாறையா, நீங்கள் நிற்கிற கோக்கர்ஸ் வாக்கா என்பது மேகத்தின் அடி கறுக்கும் வரை யாருக்கும் தெரியாது. ஏரிக்கரையில் கொட்டித் தீர்க்கும்போது வில்பட்டியில் வெயில் அடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தேதியைத் தேடுவதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிட்டது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை, வார நாட்களில் 4,000 வண்டிகள், வாரக் கடைசியில் 6,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. நெரிசலில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மலைக்கு இது தேவைதான். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மற்றவர்கள் தேதியை முன்கூட்டியே முடிவு செய்துதான் ஆக வேண்டும். "நாளைக்கு வானம் தெளிவாக இருக்கும் போலிருக்கிறது, கிளம்பலாம்" என்று கடைசி நேரத்தில் புறப்படும் காலம் போய்விட்டது. தேதி நம் கையில் இல்லாதபோது, அந்தத் தேதிக்குள் இருக்கும் மணி நேரங்களைப் பிரித்துக்கொள்வதுதான் நம்மால் ஆகக்கூடியது.

மூஞ்சிக்கல் பக்கம் ஜீப் ஓட்டும் ஒரு அண்ணன் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அப்போது நான் இட்லி, காபி எல்லாம் முடித்து, நிதானமாகப் பத்து மணிக்குமேல் அறையை விட்டுக் கிளம்புகிறவன். "சார், தூரமா இருக்கறத காலையில பாருங்க. பக்கத்துல இருக்கறத மத்தியானம் பாருங்க. தூண் பாறைக்கு மேகம் வந்திரும், ஏரிக்கு வந்தா என்ன, ஏரி அங்கனதான் இருக்கும்" என்றார். எந்தப் பயண நூலிலும் இவ்வளவு தெளிவாக இதை நான் படித்ததில்லை.

அவர் பேச்சைக் கேட்டு மறுநாள் ஏழரை மணிக்குத் தூண் பாறை போனேன். சுமார் 400 அடி உயரத்துக்கு மூன்று பாறைகளும் ஈரம் மினுங்க நின்றன. பாறை இடுக்கில் வளர்ந்திருந்த புல் அசைவது வரை தெரிந்தது. ஒன்பதரை மணிக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் திரை எழும்பியது. முதலில் பாறையின் இடுப்பு மறைந்தது, பிறகு தோள். பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி வெகுநேரம் அந்த வெள்ளையையே பார்த்துவிட்டு, பேரனிடம் "எங்கடா பாறை?" என்று கேட்டார். "முன்னாடிதான் இருக்கு அப்பத்தா, தெரியல" என்றான் அவன். எங்கிருந்தோ இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர்கள். இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் போதும். அந்த அப்பத்தாவின் முகம்தான் இந்தத் தொடரை எழுத என்னை உட்கார வைத்தது.

ஆகவே மதுரை வாசகிக்கு: தூண் பாறை, டால்பின் நோஸ், கோக்கர்ஸ் வாக், மன்னவனூர், வனத்துறை அனுமதி வாங்கிப் போகும் பேரிஜம் ஏரி, இவையெல்லாம் காலைக்கு. பிரையன்ட் பூங்காவும் ஏரிக்கரையும் மழை விட்ட மாலைக்கு. நடுவில் மழை கொட்டும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கூரை உள்ள இடம் வேண்டும்.

கூரை உள்ள இடம் என்று தேடப் போய்த்தான் அப்சர்வேட்டரியில் மாட்டிக்கொண்டேன். இந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தை எல்லோருக்கும் தெரியும். ஊரில் அந்தப் பகுதிக்கே அப்சர்வேட்டரி என்றுதான் பெயர். 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது ஏன் தொடங்கப்பட்டது என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை. வெள்ளைக்காரர்கள் குளிர்ச்சிக்கு மலையேறினார்கள், கூடவே தொலைநோக்கியையும் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அதன் வேர் தாது வருஷப் பஞ்சத்தில் இருக்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. நம் பாட்டன் பாட்டிமார் வாயில் தாது வருஷம் என்ற சொல் எவ்வளவு பயத்தோடு வந்தது என்பது தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1877-இல், ஹன்டர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சென்னையின் மழைக் கணக்கைச் சூரியப் புள்ளிகளின் கணக்கோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். சூரியனில் கரும்புள்ளிகள் ஏறக்குறைய பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். புள்ளி குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்பது அவர் கருத்து. அப்படியானால் சூரியனைத் தினமும் கவனித்தால் மழை பொய்ப்பதை முன்கூட்டியே அறியலாமே? சென்னை வானாய்வுக்கூடத்துக்காரரான மிக்கி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895-இல் அடிக்கல். 1899 ஏப்ரல் 1 முதல் சென்னையின் வானாய்வுப் பணி மலைக்கு மாறியது.

மழையைப் புரிந்துகொள்ளக் கட்டிய கூடத்தில்தான் மழைக்கு ஒதுங்கலாமா என்று நான் போய் நின்றேன் என்பதை நினைக்கும்போது உடல் சிலிர்க்கிறது.

மழைக்கான விடை சூரியனில் கிடைத்ததா? அந்தக் காலத்தில் கொடைக்கானல் கூடம் இந்திய வானிலைத் துறையின் கீழ் இருந்தது. 1904 முதல் 1924 வரை அந்தத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சூரியப் புள்ளியை வைத்து நம் பருவமழையைச் சொல்லும் அளவுக்கு வலுவான உறவு எதுவும் கிடைக்கவில்லை. வேறெங்கே தேடலாம் என்று உலகத்தின் காற்றழுத்தக் கணக்குகளைக் கிளறியபோதுதான், பசிபிக் கடலில் அழுத்தம் ஏறினால் இந்தியக் கடலில் இறங்கும் ஊஞ்சலாட்டத்தைக் கண்டு, அதற்குத் தெற்கு அலைவு என்று பெயர் வைத்தார். இன்று எல் நினோ என்று செய்தியில் கேட்கிறோமே, அதோடு சேர்ந்த இன்னொரு பாதி அது.

மலைமேல் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகத்துப் பாடநூல்களில் எவர்ஷெட் விளைவு என்று இருப்பது நம் கொடைக்கானல் காலை வெளிச்சத்தில் பிறந்தது. காலை வெளிச்சம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சூரியனைக் கூர்மையாகப் படம் எடுக்க அங்கே நல்ல நேரம், விடிந்த பிறகான முதல் சில மணி நேரம். தரை சூடாகி, காற்று கலங்கி, மேகம் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். மூஞ்சிக்கல் அண்ணன் சொன்ன அதே கணக்கு! 1904 முதல் வானம் திறந்திருக்கும் நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். அதற்குப் பயன்பட்ட ஆறு அங்குலத் தொலைநோக்கி 1850-ஐ ஒட்டிப் பாரிஸில் செய்யப்பட்டது. உலகத்தில் இவ்வளவு நீளமான சூரியப் படத் தொகுப்பு மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது. வானம் மூடிய நாட்களுக்குப் படம் இல்லை. அந்த வரிசையைப் பின்னாலிருந்து படித்தால் கொடைக்கானலின் மேகக் கணக்கும் அதற்குள்ளேயே இருக்கும்.

நான் போன அன்று காலை, அருங்காட்சியகத்தின் இருட்டறையில் சூரியனின் உருவம் வெள்ளைப் பரப்பில் விழுந்துகொண்டிருந்தது. தோசை போல வட்டம். ஓரத்தில் எள் அளவுக்கு ஒரு புள்ளி. விரல் நீட்டி அதைத் தொடப் போன ஒரு சிறுமியை அவள் அம்மா இழுத்துப் பிடித்தார். பத்தே முக்காலுக்கு வட்டத்தின் ஒரு பக்கம் மங்கியது. பிறகு முழு வட்டமும் கஞ்சிநிறமாகி, புள்ளி கரைந்து, கடைசியில் வெறும் பரப்பு. வெளியே வந்தால் மேகம் இறங்கிவிட்டிருந்தது. சித்திரையில் அங்கே போகிறவர்கள் இதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். கூரை வேண்டிய மத்தியானத்துக்கு அங்கே சூரியன் இருக்காது.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பும் வழியில் பெரியகுளம் பக்கம் இறங்கி, கும்பக்கரை அருவியில் குளித்துவிட்டுப் போகலாம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். கும்பக்கரையில் நீங்கள் நிற்கும் இடத்தில் பளிச்சென்று வெயில் அடிக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் கொடைக்கானல் மலையிலிருந்து வருவது. மேலே மூன்று மணிக்குப் பெய்த மழை, கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவர்களைத் தேடி வரும். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் துணியைக்கூட எடுக்க நிற்காமல் கரையேறுங்கள். வனத்துறை தடை போட்டிருந்தால் காவலரிடம் வாதாடாதீர்கள். கீழே வானம் நீலமாக இருக்கிறதே என்பது அங்கே ஒரு காரணமே இல்லை.

பழனிச் சாலைக்கு இந்த வாரம் இடமில்லாமல் போய்விட்டது. அந்தப் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது: ஒரே மலையில் ஒரு பக்கம் கொட்டும்போது இன்னொரு பக்கம் ஏன் காய்கிறது, காற்று கொஞ்சம் வேகமெடுத்தாலே பழனிக் கோயில் ரோப் காரை ஏன் நிறுத்திவிடுகிறார்கள், பங்குனி உத்திரத்துக்கு நடந்து போகிறவர்கள் மழையை எப்படிக் கணிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடிகாலை முதல் பேருந்தில் இறங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பெருமாள்மலை திருப்பத்தில் ஆறரை மணிக்கு இருக்க வேண்டும்.