செடிப் பாலும் தோல் புற்றும்

"தோலில மரு வந்தா அம்மான் பச்சரிசிப் பாலத் தடவுங்க மகன், தானா உதிர்ந்து போயிரும்." உம்மம்மாமாரின் இந்தக் கைமருந்தைக் கேளாதவர்கள் நம்மில் குறைவு. காம்பை முறித்ததும் துளிர்க்கும் அந்த வெள்ளைப் பால் தோல் புற்றுநோயையும் ஆற்றுமா?

அம்மான் பச்சரிசி, இயூபோபியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதே பேரினத்தில் இயூபோபியா பெப்லஸ் என்றொரு சிறு களைச்செடி உண்டு. அவுஸ்திரேலியாவில் அதன் பாலை மருக்களுக்கும் வெயிலால் வரும் தோல் கோளாறுகளுக்கும் மக்கள் பூசி வந்தார்கள். ஆய்வாளர்கள் அந்த வழக்கத்தை ஒதுக்கிவிடாமல் ஆராய்ந்து, பாலிலிருந்து இன்ஜினோல் மெபியூடேற் என்ற சேர்வையைப் பிரித்தெடுத்தார்கள்.

அது இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. பூசிய சில மணி நேரத்தில் பழுதடைந்த கலங்களின் இழைமணிகள் வீங்கி, கலமென்சவ்வு உடைந்து, கலங்கள் இறக்கின்றன. அடுத்த சில நாட்களில் அழற்சி உண்டாகி, வெண்குருதிக் கலங்கள் அவ்விடத்தில் திரண்டு எஞ்சியவற்றைத் தாக்குகின்றன.

2012இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இதனை ஒரு களியாக அங்கீகரித்தது. அதுவும் புற்றுநோய்க்கு அல்ல. வெயில் பட்டுத் தோல் சொரசொரப்பாகத் தடிக்கும், பின்னர் புற்றாக மாறக்கூடிய நிலைக்குத்தான். முகத்துக்கு 0.015 வீதக் களி மூன்று நாள், உடம்புக்கு 0.05 வீதக் களி இரண்டு நாள். அவ்வளவு சிறிய அளவு!

கதை அத்தோடு முடியவில்லை. இதனை வேறொரு மருந்தோடு ஒப்பிட்டு, நோயாளர்களை மூன்று ஆண்டுகள் கவனித்தபோது, களி பூசிய இடத்திலேயே 3.3 வீதமானோருக்குச் செதிட்கலப் புற்று வந்திருந்தது. மற்ற மருந்து பூசியவர்களில் அது 0.4 வீதம். 2020இல் ஐரோப்பாவில் அந்த மருந்து நிறுத்தப்பட்டது.

சுத்திகரித்து, அளந்து, சோதித்த மருந்துக்கே இந்த நிலை என்றால், கையால் பிழிந்து அளவில்லாமல் பூசும் பாலை எப்படி நம்புவது? அம்மான் பச்சரிசியில் அதே சேர்வை இருக்கும் என்று எண்ணுவதும் சரியல்ல. செடிப் பால் மேல்தோலைப் பொசுக்கும். பொருக்கு விழுந்து, "ஆறிட்டுது" என்ற நிம்மதி வரும். அடியில் புற்று வளர்ந்துகொண்டே போகலாம்.

கறுத்த தோல் உள்ள நம்மவர்களுக்கு மெலனோமா எனும் கொடிய தோல் புற்று, பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமா, 1981இல் அவரது உயிரைக் கொண்டுபோனது. அப்போது அவருக்கு வயது 36.

ஆகவே உள்ளங்காலில் புதிதாக ஒரு கரும்புள்ளி, நகத்தில் அகன்றுகொண்டே போகும் கறுப்புக் கோடு, நிறமோ வடிவமோ மாறும் மச்சம், ஆறாத புண்: இவற்றில் எதைக் கண்டாலும் பச்சிலை தேடாமல் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். சிறு துண்டு தோலை எடுத்துப் பரிசோதித்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆரம்பத்திலேயே பிடிபட்டால், பலருக்கு வெட்டி எடுப்பதே போதும்.

உம்மம்மாவின் செடியில் மருந்து இருக்கலாம். ஆனால் எது மரு, எது புற்று என்று அந்தச் செடிக்குத் தெரியாது.